அத்தியாயம் 6: விபத்துக்குப் பிறகு – பிழை யாருடையது என்று தெரியும்வரை காத்திராதீர்கள்

ஒன்ராறியோவில் கார் விபத்தில் அடிபட்டவர் சிகிச்சைச் செலவையும் இழந்த சம்பளத்தையும் முதலில் கேட்க வேண்டிய இடம் தன் சொந்தக் காப்புறுதி நிறுவனம். வந்து இடித்தவரின் நிறுவனம் அல்ல. பிழை மற்றவருடையது என்றாலும் இதுதான் முறை. பிழை உங்களுடையது என்றாலும் இதே முறைதான். 1990 ஜூனில் இந்த மாகாணத்தில் தொடங்கிய நோ-ஃபோல்ட் காப்புறுதியின் அடிப்படை இது.

எங்கள் ஆட்கள் பலர் சறுக்குவதும் இந்த இடத்தில்தான். "பிழை அவன்ரை. அவன்ரை இன்சூரன்ஸ் கட்டட்டும்" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவார்கள். வாரங்கள் ஓடும். மற்றப் பக்கத்திலிருந்து சிகிச்சைக்குப் பணம் தருகிறோம் என்று ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். இன்னொரு வகையினர் பிழை தங்களுடையது என்பதால் தங்களுக்கு ஒன்றும் கிடையாது என்று முடிவு கட்டிவிட்டு, கழுத்து வலியோடு மறுநாளே வேலைக்குப் போவார்கள். இரு வகையினரும் கைவிடுவது, மாதாமாதம் பிரீமியம் கட்டி ஏற்கெனவே வாங்கிவிட்ட உரிமையை.

ஆகவே விபத்து நடந்ததும் மூன்று கணக்குகளை மனதில் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. உடம்புக் கணக்கு. சிகிச்சை, சம்பள இழப்பு, பராமரிப்பு. உங்கள் நிறுவனம் கட்டும். பிழை யாருடையது என்ற கேள்வி இங்கே எழாது.

2. கார்க் கணக்கு. திருத்தச் செலவு. இதையும் உங்கள் நிறுவனமே கட்டும். ஆனால் எவ்வளவு கட்டும் என்பதைப் பிழையின் சதவீதம் தீர்மானிக்கும்.

3. வழக்குக் கணக்கு. காயம் பாரதூரமானது என்றால் பிழை செய்த சாரதிமேல் தொடரும் நட்டஈட்டு வழக்கு. பிழையை நிரூபிக்க வேண்டிய இடம் இது.

மூன்றுக்கும் வேறு வேறு விதிகள், வேறு வேறு கெடுக்கள். ஒன்று முடியட்டும் என்று மற்றதை நிறுத்திவைக்கக் கூடாது.

விபத்து நடந்த இடத்தில்

முதலில் ஆட்களைப் பாருங்கள், கார் பிறகு. யாருக்காவது காயம் என்றால் 911. ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் 911 அழைப்புகளுக்கு மொழிபெயர்ப்பு வசதி உண்டு. காயமில்லை, கார் ஓடக்கூடிய நிலையில் இருக்கிறது என்றால், படம் எடுத்துவிட்டுக் காரை ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். நெடுஞ்சாலை நடுவில் நின்று கதைப்பது இரண்டாவது விபத்துக்கு வழி.

படம் எடுக்கும்போது சேதத்தை மட்டும் கிட்டவாக எடுத்தால் போதாது. சந்தி முழுவதும் தெரிய நான்கு பக்கமும் எடுங்கள்: சிக்னல், ஸ்டொப் போர்டு, வீதிக் கோடுகள், பனி, டயர் அடையாளம், மற்றக் காரின் நம்பர் பிளேட். பிறகு மற்றச் சாரதியின் ஓட்டுநர் உரிமத்தையும், காப்புறுதி அட்டையாகிய பிங்க் சிலிப்பையும் வாங்கிப் படம் எடுங்கள். அதில் நிறுவனத்தின் பெயரும் பொலிசி இலக்கமும் இருக்கும். பார்த்த சாட்சி யாராவது நின்றால் பெயரும் தொலைபேசி எண்ணும் கேளுங்கள். பத்து நிமிடத்தில் அவர் போய்விடுவார். பிறகு தேடிப் பிடிக்க முடியாது.

இந்த நேரத்தில் மற்றச் சாரதி தமிழராக இருந்தால் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"அண்ணை, பொலிசுக்குப் போனா ரெண்டு பேருக்கும் கரைச்சல். தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் பொடி ஷொப் வைச்சிருக்கிறான். நான் காசு தாறன், இதோட முடிப்பம்."

நல்ல மனத்தோடு சொல்பவரும் உண்டு. ஆனால் கழுத்து, முதுகு வலி அன்று தெரியாது. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்பும்போதுதான் தெரியும். பம்பருக்குள் என்ன உடைந்திருக்கிறது என்பதும் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். "தம்பி, காசு பிறகு பாப்பம். முதல்ல லைசென்சையும் இன்சூரன்சையும் காட்டுங்கோ" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

மன்னிப்புக் கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை. "சொறி சொன்னால் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும், வாயே திறக்காதே" என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஒன்ராறியோவில் 2009ஆம் ஆண்டின் மன்னிப்புச் சட்டத்தின்படி, சிவில் வழக்கில் ஒருவர் கேட்ட மன்னிப்பைப் பிழைக்குச் சாட்சியமாகக் காட்ட முடியாது. அடிபட்டவரிடம் மனிதத்தனமாக நடந்துகொள்ளுங்கள். ஆனால் "நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டு வந்தேன்" என்பது போன்ற விளக்கங்களை வீதியில் நின்று கொடுக்காதீர்கள்.

ரோ ட்ரக் வந்து நின்றால்

ரொறன்ரோ வட்டாரத்தில் அம்புலன்சுக்கு முன்னால், அடிபட்ட காரை இழுத்துச் செல்லும் ரோ ட்ரக் வந்துவிடும் என்பது பலருக்கும் அனுபவம். 2024 முதல் இந்தத் தொழிலை மாகாண அரசு நேரடியாக ஒழுங்குபடுத்துகிறது. ரோ நிறுவனத்துக்கு அரச சான்றிதழ் வேண்டும். காரை இழுக்கும் முன் சம்மதப் படிவத்தில் உங்கள் கையெழுத்தை வாங்க வேண்டும். கட்டணப் பட்டியலைக் காட்டவேண்டும். கார் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுடையது. பொலிஸ் உத்தரவில் இழுக்கும்போது இது மாறும். 401 போன்ற நெடுஞ்சாலைகளின் சில பகுதிகளில் அரசு அமர்த்திய ஒரே நிறுவனம்தான் இழுக்கலாம்; அங்கே வேறு யாரையும் கூப்பிட முடியாது.

ரோ ட்ரக் சாரதி "நல்ல பொடி ஷொப், நல்ல பிசியோ, நல்ல லோயர் எல்லாம் என்னட்டை இருக்கு" என்று அட்டைகளை நீட்டினால் வாங்காதீர்கள். இலக்கமோ தொகையோ எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். உங்கள் நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணுக்கு அந்த இடத்திலிருந்தே கூப்பிட்டு, காரை எங்கே அனுப்புவது என்று கேளுங்கள். தெரியாத யார்டில் கார் கிடந்தால் நாளுக்கு நாள் வாடகை ஏறும்.

பொலிசுக்கு எப்போது சொல்ல வேண்டும்

யாருக்காவது காயம் என்றால் கட்டாயம். காயமில்லாமல் வாகனச் சேதம் மட்டும் என்றால், 2025 ஜனவரி 1 முதல் சேதம் 5,000 டொலரைத் தாண்டினால் கட்டாயம். அதற்கு முன் இந்த எல்லை 2,000 டொலராக இருந்தது. இன்றைய கார்களில் சென்சர், கமரா பொருத்திய பம்பர் ஒன்றை மாற்றுவதே பெரிய தொகை. ஆகவே சந்தேகம் இருந்தால் அறிவித்துவிடுங்கள். ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும், காரை ஓட்டிப் போக முடிந்தால், விபத்துப் பதிவு நிலையத்துக்குப் போகச் சொல்வார்கள். தாமதிக்காமல் போங்கள், போகும்போது மேலே சொன்ன படங்கள் கையில் இருக்கட்டும்.

இடித்துவிட்டு ஓடியவரின் கார் என்றால் பொலிஸ் பதிவு இன்னும் முக்கியம். அடையாளம் தெரியாத காரால் வந்த காயத்துக்கும் உங்கள் பொலிசியில் இடம் உண்டு. விபத்து நடந்ததைக் காட்ட அந்தப் பதிவு தேவைப்படும்.

ஏழு நாள்

காப்புறுதி நிறுவனத்துக்கு 7 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். முடியாமற்போனால் முடிந்தவுடனே. ஆஸ்பத்திரியில் கிடந்தது போன்ற நியாயமான காரணம் இருந்தால் பிந்தியதை ஏற்பார்கள். "தெரியாது" என்பதை நியாயமான காரணமாக ஏற்கவைப்பது கடினம்.

கூப்பிடும்போது மூன்று விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கிளெய்ம் இலக்கம், உடம்புக் கணக்கைப் பார்க்கும் அட்ஜஸ்டரின் பெயர், கார்க் கணக்கைப் பார்க்கும் அட்ஜஸ்டரின் பெயர். இருவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். காருக்கு ஒருவரிடம் சொன்னதால் காயத்தையும் சொல்லிவிட்டதாக நினைக்காதீர்கள். "எனக்கும் காயம், எக்சிடன்ற் பெனிஃபிற் (விபத்து உதவித்தொகை) படிவங்கள் அனுப்புங்கள்" என்று தனியே கேட்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் முதல் அழைப்பிலேயே கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையை வைத்து மொழிபெயர்ப்பித்து வாக்குமூலம் கொடுக்க வேண்டாம்.

எந்த நிறுவனம் என்பதிலும் குழப்பம் வரும். வரிசை இதுதான். உங்கள் பெயரில் பொலிசி இருந்தால் அந்த நிறுவனம்; நீங்கள் நண்பரின் காரில் பயணியாகப் போய் அடிபட்டாலும், வீதியைக் கடக்கும்போது அடிபட்டாலும் அதே நிறுவனம்தான். உங்களிடம் இல்லாமல், கணவன் அல்லது மனைவியின் பொலிசியோ, உங்களைத் தாங்கி வாழவைப்பவரின் பொலிசியோ இருந்தால் அது. அதுவும் இல்லை என்றால் நீங்கள் இருந்த காரின் நிறுவனம். பாதசாரி என்றால் இடித்த காரின் நிறுவனம். பிறகு விபத்தில் சம்பந்தப்பட்ட வேறு வாகனத்தின் நிறுவனம். ஒன்றுமே இல்லாவிட்டால் மாகாண அரசின் மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கை நிதியம். மகனோடு தங்கி அவரது வருமானத்தில் வாழும் அம்மாவை ஸ்காபரோவில் ஒரு கார் தட்டிவிட்டால், அவருக்கு ஓட்டுநர் உரிமமே இல்லாவிட்டாலும் மகனின் பொலிசி அவருக்குக் காப்பு. இதை அறியாமல் விட்டுவிடும் வீடுகள் நிறைய.

வேலை நேரத்தில், வேலையின் பகுதியாக ஓட்டும்போது விபத்து என்றால், வேலைத்தளக் காப்புறுதிச் சபையாகிய டபிள்யூஎஸ்ஐபியின் விதிகள் குறுக்கே வரலாம். லொறி, டெலிவரி, ரைட் ஓடுபவர்கள் முதல் அழைப்பிலேயே வேலையில் இருந்ததைச் சொல்லி, எந்த வழி என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

உடம்புக் கணக்கில் என்ன கிடைக்கும்

காயத்தை ஒன்ராறியோ மூன்று தட்டாகப் பிரிக்கிறது.

சிறு காயம்: சுளுக்கு, தசைப்பிடிப்பு, விப்லாஷ் என்ற கழுத்துத் தசைக் காயம், கன்றல், சிராய்ப்பு. மொத்தச் சிகிச்சைக்கு உச்சவரம்பு 3,500 டொலர்.

சிறு காயத்தைத் தாண்டியது: மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 65,000 டொலர், பெரியவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை.

பேரழிவுக் காயம்: முள்ளந்தண்டு செயலிழப்பு, கடுமையான மூளைக் காயம், கை கால் இழப்பு போன்றவை. 10 லட்சம் டொலர்.

பெரும்பாலான கோரிக்கைகளில் இழுபறி முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையில்தான் நடக்கும். நிறுவனம் "சிறு காயம்" என்று சொல்லும். 3,500 டொலர் சில மாதப் பிசியோதெரபியில் கரைந்துவிடும். அந்தத் தட்டிலிருந்து வெளியே வரச் சில வழிகள் உண்டு. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று வைத்தியர் எழுதியிருக்கலாம். விபத்தால் மனநலப் பாதிப்பு வந்திருக்கலாம். காரில் ஏறப் பயம், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் இதில் அடங்கலாம், உளவியலாளர் உறுதிப்படுத்த வேண்டும். அன்றாட வேலையை முடக்கும் நாட்பட்ட வலி இருக்கலாம். ஏற்கெனவே இருந்த நோய் ஒன்று குணமாவதைத் தடுக்கலாம். கடைசிக் காரணத்துக்கு ஒரு நிபந்தனை: அந்த நோயை விபத்துக்கு முன்பே ஒரு வைத்தியர் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஆகவே விபத்துக்கு அடுத்த நாளே குடும்ப வைத்தியரிடமோ வோக்-இன் கிளினிக்கிலோ காட்டுங்கள். உள்ளதெல்லாவற்றையும் சொல்லுங்கள். "முதுகு நோகுது" என்பதோடு நிறுத்தாமல், இரவில் நித்திரை இல்லை, தலைசுற்றுகிறது, அந்தச் சந்தியைக் கடக்கவே நெஞ்சு படபடக்கிறது என்பதையும் சொல்லுங்கள். மனநிலையைப் பற்றி வைத்தியரிடம் சொல்ல நாங்கள் கூச்சப்படுவோம். கோப்பில் எழுதப்படாததை எட்டு மாதம் கழித்து யாரும் நம்பமாட்டார்கள்.

சம்பள இழப்பு

வருமானப் பதிலீட்டுத் தொகை என்பது மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம், வாரத்துக்கு 400 டொலர் வரை. முதல் 7 நாளுக்குக் கிடையாது. வாரம் 500 டொலர் உழைத்தவருக்கு 350 டொலர். வாரம் 800 டொலர் உழைத்தவருக்குக் கணக்குப்படி 560 வரும்; ஆனால் கையில் கிடைப்பது 400. 600, 800, 1,000 டொலர் என்று உச்சவரம்பை உயர்த்தும் விருப்பக் காப்புறுதியை முன்பே வாங்கியிருந்தால் அதற்கேற்பக் கூடும்.

விபத்தின்போது வேலையில் இருந்திருக்க வேண்டும். அல்லது அதற்கு முந்திய 52 வாரத்தில் 26 வாரமாவது வேலை செய்திருக்க வேண்டும். அல்லது வேலையின்மைக் காப்புறுதி பெற்றுக்கொண்டிருக்க வேண்டும். 104 வாரம் வரை, உங்கள் வேலையின் முக்கியக் கடமைகளைச் செய்ய முடியவில்லை என்று காட்டினால் போதும். அதற்குப் பிறகு, உங்கள் கல்விக்கும் பயிற்சிக்கும் பொருந்திய எந்த வேலையும் செய்ய முடியாது என்று காட்ட வேண்டும். பலருக்குத் தொகை நிற்பது இந்தக் கட்டத்தில்தான்.

உணவகத்திலோ கட்டட வேலையிலோ கையில் காசு வாங்குபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வருமான வரிக்குக் காட்டாத உழைப்பு இந்தக் கணக்கில் வராது. வாரம் 900 டொலர் வாங்கி 300 டொலர் காட்டியவர், 300 டொலர் உழைத்தவராகத்தான் கணிக்கப்படுவார்.

வேலை செய்யாதவர்கள், ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள் ஆகியோருக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை உண்டு: வாரம் 185 டொலர். முதல் நான்கு வாரத்துக்குக் கிடையாது. விபத்திலிருந்து 104 வாரத்தோடு முடியும். விபத்துக்கு முன் வாழ்ந்த வாழ்க்கையை முற்றாக நடத்த முடியவில்லை என்று காட்ட வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது, கோயிலுக்குப் போவது, சமைப்பது, தோட்டம் என்று முன்பு என்னென்ன செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று அப்பா அம்மாவுக்காக ஒரு பட்டியல் எழுதிவையுங்கள். இந்தக் கோரிக்கையின் உயிர் அந்தப் பட்டியலில்தான்.

விபத்தில் உயிர் போனால் துணைக்கு 25,000 டொலர், தங்கி வாழ்ந்த ஒவ்வொருவருக்கும் 10,000 டொலர், இறுதிச் சடங்குக்கு 6,000 டொலர் வரை.

படிவங்கள்

பெயர்கள் எல்லாம் ஓசிஎஃப் என்று தொடங்கும். இலக்கத்தை வைத்து நினைவில் வையுங்கள்.

ஓசிஎஃப்-1: விண்ணப்பம். படிவம் கைக்கு வந்து 30 நாட்களுக்குள் நீங்கள் நிரப்பி அனுப்ப வேண்டும்.

ஓசிஎஃப்-2: வேலை கொடுத்தவர் நிரப்பும் சம்பள உறுதி.

ஓசிஎஃப்-3: வேலை செய்ய முடியாத நிலையை வைத்தியரோ வேறு தகுதியுள்ள சிகிச்சையாளரோ உறுதிப்படுத்துவது. இது போகாமல் வாராந்தத் தொகை தொடங்காது.

ஓசிஎஃப்-18: சிகிச்சைத் திட்டம். என்ன சிகிச்சை, எத்தனை தடவை, எவ்வளவு செலவு என்று சிகிச்சையாளர் எழுதி அனுப்புவார். சிறு காயம் என்றால் இதற்குப் பதிலாக ஓசிஎஃப்-23.

ஓசிஎஃப்-6: கையால் செலவழித்ததற்கான பற்றுச்சீட்டுகளோடு அனுப்புவது.

ஓசிஎஃப்-18இல் இரண்டு விடயம் கவனியுங்கள். ஒன்று, அவசர சிகிச்சை போன்ற சில விலக்குகள் தவிர, திட்டம் அனுப்பப்படும் முன் செய்த சிகிச்சைக்கு நிறுவனம் பணம் கட்ட வேண்டியதில்லை. கிளினிக்கில் படுக்கும் முன் "திட்டம் போய்விட்டதா?" என்று கேளுங்கள். இரண்டு, நிறுவனம் 10 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 11ஆவது வேலை நாளிலிருந்து, முறையான பதில் வரும்வரை நடந்த சிகிச்சைக்குக் கட்டியே ஆகவேண்டும். சிறு காயம் என்று அந்தத் திட்டத்தைத் தள்ளவும் முடியாது. ஆகவே அனுப்பிய திகதியைக் கிளினிக்கிடம் கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள்.

நீங்கள் கையெழுத்திடும் ஓசிஎஃப்-18ஐ வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பத்துத் தடவை என்று பேசிய இடத்தில் இருபது தடவை என்று எழுதியிருந்தால், அந்தப் பணம் உங்கள் வரம்பிலிருந்துதான் கழியும். போகாத சிகிச்சைக்கு வரவுத் தாளில் கையெழுத்து வைப்பது மோசடி. கிளினிக்காரர் சொன்னார் என்பது தப்பிக்கும் வழி அல்ல.

வேலைத்தளத்தில் மருத்துவக் காப்புறுதி இருந்தால் அந்த விவரத்தையும் அட்ஜஸ்டரிடம் கொடுங்கள். எது முதலில் கட்டுவது என்ற ஒழுங்கு விபத்துக் காலத்து விதியைப் பொறுத்தது.

நிறுவனம் மறுத்தால்

நிறுவனம் தன் செலவில் உங்களை வேறு வைத்தியரிடம் பரிசோதனைக்கு அனுப்பலாம். போகாவிட்டால் தொகையை நிறுத்த அதற்கு உரிமை உண்டு. திகதி ஒத்துவராவிட்டால் முன்கூட்டியே எழுத்தில் மாற்றக் கேளுங்கள். அங்கே கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பழக்கத்தில் "நல்லா இருக்கிறன்" என்று வாய் சொல்லிவிடும், அது அப்படியே அறிக்கையில் ஏறும்.

மறுப்பு எழுத்தில், காரணத்தோடு வரவேண்டும். அந்தக் கடிதத்தின் திகதியிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் லைசென்ஸ் அப்பீல் ட்ரிபியூனல் என்ற தீர்ப்பாயத்தில் முறையிடலாம். 2016 ஏப்ரல் முதல் இந்தத் தகராறுகளை விசாரிப்பது அதுதான். விபத்து உதவித்தொகைக்காக நேரே நீதிமன்றம் போக முடியாது. அட்ஜஸ்டரோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டு ஆண்டுக் கடிகாரத்தை நிறுத்தாது.

கார்க் கணக்கு

இரண்டு காருக்கும் ஒன்ராறியோ காப்புறுதி இருந்தால், பிழை உங்களில் இல்லாத பங்குக்கு உங்கள் நிறுவனமே திருத்தச் செலவைக் கட்டும். டிசிபிடி என்று பொலிசியில் குறித்திருப்பது இதைத்தான். பிழை உங்களில் உள்ள பங்குக்கு, கொலிஷன் காப்புறுதி வாங்கியிருந்தால் மட்டும், டிடக்டிபிள் கழித்துத் தருவார்கள். பிழை 50 சதவீதம் என்று வந்து, கொலிஷன் வாங்கியிருக்காவிட்டால், திருத்தத்தின் பாதிச் செலவு உங்கள் பையிலிருந்து போகும்.

சதவீதத்தைத் தீர்மானிப்பது அட்ஜஸ்டரின் மனப்போக்கு அல்ல. பிழை நிர்ணய விதிகள் என்று ஓர் ஒழுங்குவிதி, படங்களோடு இருக்கிறது. ஒரே லேனில் பின்னால் வந்து இடித்தவருக்கு 100 சதவீதம். எதிரே நேராக வரும் காருக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பியவருக்கு 100. பார்க்கிங் இடத்திலிருந்து வெளியே எடுத்தவருக்கு 100. ஓடும் காருக்கு முன்னால் கதவைத் திறந்தவருக்கு 100. வானிலை, வீதியின் நிலை, வெளிச்சம் எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்த விதியே சொல்கிறது. ஜனவரியில் கறுப்பு ஐஸில் வழுக்கி முன்னால் நின்ற காரை இடித்தால், "ஐஸ்" என்ற காரணம் செல்லாது. பொலிஸ் டிக்கெட் கொடுத்ததா இல்லையா என்பதும் வேறு கதை. காப்புறுதிக் கணக்கு இந்த விதிப்படியே போகும்.

பிழை உங்களில் இல்லை என்றால் அந்த விபத்துக்காகப் பிரீமியத்தை ஏற்ற முடியாது. ஆகவே "கிளெய்ம் பண்ணினால் கூட்டிப்போடுவாங்கள்" என்ற பயத்தில் அடங்கிப்போக வேண்டாம்.

2024 ஜனவரி முதல் டிசிபிடியை வேண்டாம் என்று விட்டுவிடலாம். சில டொலர் மிச்சம் என்று விட்டவர், பின்னால் இன்னொருவர் இடித்தாலும் கார்ச் சேதத்துக்கு ஒரு சதமும் பெறமாட்டார். இடித்தவர்மேல் வழக்கும் போட முடியாது. பழைய, பெறுமதி இல்லாத கார் என்றால் தவிர இதைத் தொடாதீர்கள்.

வழக்குக் கணக்கு

வலிக்கும் வேதனைக்கும் நட்டஈடு கேட்டு வழக்கு வெல்ல, உடலின் அல்லது மனத்தின் முக்கியமான தொழிற்பாடு ஒன்று நிரந்தரமாகவும் பாரதூரமாகவும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நிரந்தரமான பாரதூர விகாரம் இருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும், நீதிமன்றம் கொடுக்கும் தொகையிலிருந்து ஒரு கழிவு உண்டு. ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறும் இந்தக் கழிவு இப்போது 46,000 டொலருக்கு மேல். வலிக்கு 60,000 டொலர் தீர்ப்பானால் கைக்கு வருவது 14,000 டொலருக்கும் குறைவு. தொகை ஒன்றரை லட்சம் டொலருக்குச் சற்று மேலே உள்ள ஓர் எல்லையைத் தாண்டினால்தான் கழிவு இல்லை. "ஒரு லட்சம் எடுத்துத் தாறன்" என்று முதல் நாளே சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

வழக்குப் போடும் எண்ணத்தை மற்றவருக்கு 120 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்கைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

காயம் கடுமையானது என்றால் சட்டத்தரணியை நேரத்தோடு பாருங்கள். அவரோ பரலீகலோ ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் உள்ளவரா என்று அதன் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். விபத்து உதவித்தொகையை ஒரே தொகையாக வாங்கி முடிப்பதாக விபத்து நடந்து ஓர் ஆண்டுக்குள் ஒப்பந்தம் செய்ய முடியாது. செய்த பிறகும் 2 வேலை நாட்களுக்குள் மனம் மாறலாம். கையெழுத்துக்கு முன் அந்த இரண்டு நாட்களையும் நினைவில் வையுங்கள்.

கெடுக்கள், ஒரே பார்வையில்

7 நாள்: காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க.
30 நாள்: ஓசிஎஃப்-1 அனுப்ப, படிவம் கிடைத்த நாளிலிருந்து.
10 வேலை நாள்: சிகிச்சைத் திட்டத்துக்கு நிறுவனம் பதில் சொல்ல.
120 நாள்: வழக்கு நோக்கத்தை எழுத்தில் அறிவிக்க.
104 வாரம்: சம்பள இழப்புத் தொகைக்கான சோதனை கடுமையாகும் நாள்.
2 ஆண்டு: மறுப்பை எதிர்த்துத் தீர்ப்பாயம் போக; தனிக் கணக்காக, வழக்குத் தாக்கல் செய்யவும்.

இன்று செய்ய வேண்டியது

இந்த அத்தியாயத்தில் சொன்ன சம்பள இழப்புத் தொகையும் வேலையில்லாதோர் தொகையும் எல்லாப் பொலிசியிலும் தானாக இருந்த காலம் முடிகிறது. 2026 ஜூலை 1 முதலான புதிய விதிகளின்படி மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு ஆகிய மூன்று மட்டுமே கட்டாயம். மற்றவை நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை. வாங்கினாலும் அவை பொலிசிக்காரர், துணை, தங்கி வாழ்வோர், பொலிசியில் பெயர் எழுதப்பட்ட சாரதிகள் ஆகியோருக்கே. புதுப்பிப்புக் கடிதம் வரும்போது மொத்த விலையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். முகவரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: வருமானப் பதிலீடு இருக்கிறதா, எவ்வளவு? டிசிபிடி இருக்கிறதா? வீட்டில் கார் ஓட்டும் எல்லோரின் பெயரும் பொலிசியில் இருக்கிறதா? பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். விபத்து நடந்த பிறகு இவற்றில் எதையும் சேர்க்க முடியாது.